ரோஸ் கலர் பொத்தான்

கோலார் தங்கவயலில் ஆண், பெண் என்ற பேதத்தை அடியோடு ஒழித்த முதல் குடும்பம் உமேஷின் குடும்பம். வரலாறு இதை இன்னும் கவனிக்கவில்லை. அதனால் உமேஷே கோரமண்டல் ஸ்டேஷனில், காலை ரயிலுக்கு நின்றிருந்தவர்கள் காதில் விழும்படி இதை அறிவித்தான்.

"எங்க வீட்ல ஆம்பள வேலை, பொம்பள வேலைன்னு ஒண்ணு கிடையாது. வேலைன்னா வேலை, அவ்ளோதான்."

அவன் மனைவி வாணி டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் இட்லி ஊற்றி, மாமனாருக்கு வெந்நீர் வைத்து, மகளின் மதியச் சோற்றைப் பிசைந்து மூடிவைத்துவிட்டு வந்திருந்தாள். பேதம் ஒழிந்த வீட்டில் இதெல்லாம் வெறும் வேலைதான்.

"நீ நிம்மதியா போய்ட்டு வா. அதான் லீவு போட்டுட்டேன் இல்ல. பவ்யாவ நான் பாத்துக்கறேன்."

"எழுந்ததும் தலை பின்னிடுங்க. அப்பறம் அந்த பீரோ கைப்பிடி தொளதொளன்னு கீது. சாத்தினா தானே விழுந்து பூட்டிக்குது. ஒரு ஸ்க்ரூ முடுக்கினா போதும்."

"முடுக்கிடறேன்."

"போன மாசமும் இதான் சொன்னீங்க."

"போன மாசம் லீவு போடல," என்றான் உமேஷ். பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் இதில் நியாயம் இருப்பதாகத் தலையசைத்தார்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வாணி எல்.கே.ஜி. டீச்சராக இருந்தாள். நர்சரியை மூடிவிட்டார்கள். பெங்களூரில் குழந்தைகளுக்குக் கதை ஆப் தயாரிக்கும் ஒரு கம்பெனி, தமிழில் எழுத அவளைத் தற்காலிகமாக எடுத்தது. படத்தைத் தொட்டால் பேசும் கதைகள்.

சேர்ந்த புதிதில் அவள் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்தாள். பையனைத் தொட்டால், 'வா, போய்ப் பாக்கலாம்' என்றான். பெண்ணைத் தொட்டால், 'அச்சச்சோ, டிரெஸ் அழுக்காயிடும்' என்றாள். அப்பாவைத் தொட்டால் கார் சாவி குலுங்கியது. அம்மாவைத் தொட்டால் குக்கர் விசில் அடித்தது. ஒரு கதையில் கரடிக் குடும்பம் வந்தது. அதில் அம்மா கரடி மட்டும் சமையல் ஏப்ரன் கட்டியிருந்தது. மற்ற கரடிகள் எதுவும் கட்டியிருக்கவில்லை.

வாணி ஒரு புதுக் கதை எழுதினாள். செல்லி என்ற சிறுமி தங்கச் சுரங்கத்தில் கேஜ் ஓட்டுகிறாள். கேஜ் என்றால் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. குழந்தை கூண்டின் கதவைச் சாத்த வேண்டும், மணி அடிக்க வேண்டும், கீழே போய் வழிதவறிய ஆட்டுக்குட்டியைக் கூட்டிவர வேண்டும். மணி அடிக்கும் முறையை மாமனார் தசரதனிடம் கேட்டு எழுதினாள். சுரங்கம் மூடப்படும்வரை, கூண்டு இறங்கும் ஆழக் குழியான ஷாஃப்டின் வாயில் நின்று மணி அடித்தவர் அவர். மூன்று அடித்தால் ஆள் ஏறியாயிற்று. இரண்டு அடித்தால் இறக்கு. ஒன்று அடித்தால் நிறுத்து. செல்லியின் குரலையும் வாணியே கொடுத்தாள். கதையில் கேட்கும் மணியை மகள் பவ்யா அடித்துக்கொடுத்தாள்.

சிக்கல் முதல் பக்கத்தில் இருந்தது. கதை திறக்குமுன் ஆப் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்கும். நீலப் பொத்தான், பையன். ரோஸ் கலர் பொத்தான், பெண். கீழே மூலையில், கண்பார்வை நன்றாக இருப்பவர்களுக்காக மட்டும், சாம்பல் நிறத்தில் 'எல்லாக் கதைகளும்'. ரோஸை அழுத்தினால் செல்லி வரமாட்டாள். இளவரசிக்கு வளையல் பொருத்தும் கதை வரும்.

கம்பெனி செல்லியைச் சில வீடுகளில் சோதனைக்கு விட்டிருந்தது. பெண் குழந்தை உள்ள வீடுகளில் பாதிக்கு மேல் ரோஸை அழுத்திவிட்டால் செல்லியை நீக்கிவிடுவார்கள். செல்லியோடு வாணியின் வேலையும் போகும். சாம்பல் நிறம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். இன்றுதான் கடைசி நாள். அதற்காகத்தான் அவளை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

ரயில் வந்தது. வாணி பெண்கள் பெட்டியில் ஏறி, கூட்டத்துக்குள் காணாமல் போனாள்.

*

பவ்யாவுக்கு ஐந்து வயது. எழுந்ததும் டேபைக் கேட்டாள். கதை ஆப்பைப் போட்டு, சோதனைக்காகக் கம்பெனி கொடுத்த டேப்லெட் அது.

"தலை பின்னிட்டு வெளயாடு," என்றான் உமேஷ். பின்னல் அவனுக்கு வரவில்லை. எல்லா முடியையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டில் நுழைத்துவிட்டான். பவ்யா கண்ணாடியைப் பார்த்துவிட்டு டேபுக்குக் கையை நீட்டினாள்.

டேபைக் கொடுக்குமுன் முதல் பக்கத்தைச் சரிபார்த்தான். சாம்பல் நிறம். அதைப் படம் பிடித்து, 'என் மகளுக்கு நிறமில்லை' என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். காலை டிபன் முடிவதற்குள் மகளுக்கும் மனித குலத்துக்கும் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது.

"நைனா, கொஞ்சம் பாத்துக்கோ. கொத்தமல்லி வாங்கிக்கினு தோ வந்துடறேன்."

முன்னறையில் தசரதன் அவரைக்காயை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கொத்தமல்லி வீட்லயே கீதுடா," என்றார்.

உமேஷ் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் சிவகுமாரின் செல்போன் கடை. உமேஷோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். சிவகுமாருக்கும் ஒரு பெண் குழந்தை. அவன் வீட்டுக்கும் வாணிதான் ஆப்பைப் போட்டுக்கொடுத்திருந்தாள்.

"சொன்னா கோச்சிக்காத மச்சான்," என்றான் சிவகுமார். "நான் ரோஸ் போட்டுட்டேன்."

உமேஷ் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"மொதல்ல நானும் அந்த சாம்பலத்தான் வெச்சேன். பாப்பா தீயணைப்பு வண்டி கதை பாத்துட்டு, கடை பின்னாடி ஓஸ் பைப்ப எடுத்துக்கினு வந்து புது செல்லு மேலெல்லாம் அடிச்சிட்டா. இப்ப வளையல் கதை. உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கினு கீறா. வீடு அமைதியா கீது."

"அமைதி."

"ஆமா மச்சான்."

"ஒரு கொழந்தய உக்கார வெச்சிட்டு அமைதின்ற. அவ தப்பு பண்ணலடா. பைப்ப மூடாம வெச்சது நீ. உன் சோம்பேறித்தனத்துக்கு அவ கதையப் புடுங்கிட்ட."

சிவகுமார் ரீசார்ஜுக்கு வந்தவரிடம், "ஒந்து நிமிஷா," என்று கன்னடத்தில் காத்திருக்கச் சொன்னான்.

"பையனா இருந்தா இன்னா பண்ணிருப்ப?"

சிவகுமார் நேர்மையாக யோசித்தான். "பைப்ப எடுத்து மேல வெச்சிருப்பேன்."

"பட்டன மாத்திருப்பியா?"

"மாத்திருக்க மாட்டேன்."

"அவ்ளோதான். பயந்தாங்கொள்ளிங்க. ரோஸ் கலர் அப்பாங்க." கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அது போதுமானதாக இருந்தது. உமேஷ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆப்பில் வரும் கரடிகளிலிருந்து ஆரம்பித்தான். இரண்டாவது டீ வந்தது.

*

உள்ளறையிலிருந்து இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

மூன்று. ஆள் ஏறியாயிற்று.

மணி வந்தால் பதில் மணி கொடுக்காமல் விடக்கூடாது. தசரதன் வேலைக்காலம் முழுக்கச் செய்தது அதைத்தான். கையிலிருந்த கத்தியின் பிடியால் ஜன்னல் கம்பியில் மூன்று தட்டினார்.

டக், டக். இறக்கு. அவரும் இரண்டு கொடுத்தார்.

பேத்தி ஒழுங்காக விளையாடுகிறாள் என்று அவருக்குச் சந்தோஷம். அவரைக்காய் நரம்பை உரித்து உரித்துப் போட்டார். உள்ளே வாணியின் குரல் மெல்லக் கேட்டது. டேபில் செல்லி பேசுகிறாள். 'கீழே போகப் போக இருட்டா இருக்கும். பயப்படாதே.'

வெகுநேரம் கழித்து ஒரு தட்டு. நிறுத்து. கூண்டு இறங்க வேண்டிய லெவலுக்கு, அடித்தளத்துக்கு, வந்துவிட்டது என்று அர்த்தம். தசரதன் ஒன்று தட்டினார்.

மறுபடி ஒன்று. அவரும் ஒன்று.

பிறகு நான்கு, ஐந்து, கணக்கில்லாமல் படபடவென்று வந்தன. அப்படி ஒரு மணி கிடையாது. "ஒழுங்கா அடி கண்ணு," என்று உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். "இஷ்டத்துக்கு அடிச்சா மேல இருக்கறவனுக்கு இன்னா புரியும்?"

அதற்கு ஒரே ஒரு தட்டு வந்தது. கேட்டும் கேட்காத தட்டு. அவரும் ஒன்று கொடுத்தார்.

அதன்பின் எதுவும் வரவில்லை.

மணி வராத ஷாஃப்ட் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார். முட்டி மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அறையில் யாரும் இல்லை. பீரோவின் கைப்பிடி கீழே விழுந்து பூட்டியிருந்தது.

திறந்தபோது, வாணியின் புடவைகளுக்கு நடுவில் பவ்யா சாய்ந்திருந்தாள். முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மடியில் டேப். 'ஆட்டுக்குட்டி கூப்பிடுது, கேக்குதா?' என்று அவள் அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

உமேஷ் கொத்தமல்லியோடு படியேறியபோது, கடையில் 'ரோஸ் கலர் அப்பாங்க' என்று சொன்னதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே அவன் அப்பா தரையில் உட்கார்ந்து, ஈரத் துண்டால் பவ்யாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடியது.

உமேஷ் மகளை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான். அவள் மூச்சு சீராக வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். இதில் வேடிக்கை எதுவும் இல்லை.

"அழுதாளா நைனா?"

"அழல. மணி அடிச்சா."

"நீ இன்னா பண்ண?"

"பதில் குடுத்தேன்."

"பதில் குடுத்தியா."

"மூணுக்கு மூணு. ரெண்டுக்கு ரெண்டு." தசரதன் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "அவ சரியாத்தான் அடிச்சாடா. நிறுத்து, நிறுத்துன்னு சொல்லிக்கினே இருந்திருக்கா. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

உமேஷ் மகளின் நெற்றியிலிருந்த ஈர முடியை ஒதுக்கினான்.

"நீ எங்கடா போன?"

"இங்கதான்," என்றான் உமேஷ்.

பவ்யா தண்ணீர் குடித்தாள். சோறு கேட்டாள். பிசைந்து வைத்திருந்ததை ஊட்டியதும் முழுக்கச் சாப்பிட்டாள். உமேஷ் பீரோவின் முன்னால் போய் நின்றான். கைப்பிடியை ஏற்றினான். விட்டதும் விழுந்தது. இதைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். அது வீட்டில் எங்கே இருக்கிறது என்று வாணிக்குத்தான் தெரியும். கேட்டால் எதற்கு என்பாள்.

ஒரு கயிறை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினான். கயிறு நிற்கவில்லை. பிறகு, "யாராவது கொழந்தைக்கு கதவ சாத்துன்னு கதை எழுதுவாங்களா?" என்றான்.

தசரதன் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவரைக்காய் பாதி உரித்தபடி கிடந்தது. அன்று அதை யாரும் தொடவில்லை.

*

"பர்சனலா நான் உங்க சைடுதான் மேடம்," என்றான் ஸ்ரீராம். கம்பெனியில் வாணிக்கு மேலதிகாரி, அவளைவிட வயதில் சின்னவன். "டேட்டாதான் உங்க சைடு இல்ல."

திரையில் ஒரு வட்டம். அதில் ரோஸ் நிறம் கிட்டத்தட்டப் பாதிக்கு வந்திருந்தது.

"இன்னும் ஒண்ணு ரெண்டு வீடு ரோஸுக்குப் போனா முடிஞ்சுது. இன்னைக்கு ராத்திரி கணக்க லாக் பண்றாங்க."

"ஏன் மாத்தினாங்கன்னு கேட்டீங்களா சார்?"

"கேட்டோம். பொண்ணுக்கு இது ஆகாதுன்னு ஒருத்தர்கூடச் சொல்லல மேடம். எல்லாருமே இக்வாலிட்டிதான் பேசறாங்க. ஒரு வீட்ல தண்ணிய கொட்டிட்டாளாம். ஒரு வீட்ல மாடிப்படி கைப்பிடி மேல ஏறிட்டாளாம். சோபாலருந்து குதிச்சிட்டா. அதான், சேஃப்டி."

"பையங்க குதிக்கலியா?"

"குதிச்சாங்க. ரெண்டு பேருக்கு கை ஒடஞ்சுது." ஸ்ரீராம் பக்கத்தைத் தள்ளினான். "அவங்க வீட்ல யாரும் பட்டன மாத்தல."

"அத இந்த வட்டத்துல போடலாமே."

"அதுக்கு இதுல எடம் இல்ல மேடம்."

வாணி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கும் பொண்ணுதானே சார்? நீங்க இன்னா வெச்சிருக்கீங்க?"

"எங்க வீட்ல அதெல்லாம் என் ஒய்ஃப் பாத்துக்கறாங்க," என்றான் ஸ்ரீராம். பிறகு, செல்லி போனாலும் வாணிக்கு ஒரு வழி இருப்பதாகச் சொன்னான். வளையல் கதைக்கு நல்ல வரவேற்பு. மருதாணி, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி என்று வரிசையாக எழுதினால் மேலே பேசிப் பார்க்கலாம். "உங்க வாய்ஸ் ரொம்ப ஸ்வீட் மேடம். அது வேஸ்ட் ஆகக் கூடாது."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வாணி ரயிலுக்குக் கிளம்பினாள். ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி, ஒன்று இரண்டு வீடுகள் என்பதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவகுமார் வீடு போயிருக்கும். ஆப்பைப் போட்டுக்கொடுத்தபோதே அவன் முகத்தில் அது தெரிந்தது. அடுத்து எந்த வீடு என்று தெரியவில்லை. ஒரே ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்த வீட்டுக்காரர் சொன்னதைக் காலையில் ஸ்டேஷனில் எல்லோரும் கேட்டார்கள்.

பங்காருபேட்டையில் வண்டி நின்றதும் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"பவ்யா சாப்ட்டாளா?"

"சாப்ட்டா."

"இன்னா பண்றா?"

"வெளயாடறா."

"குரல் இன்னா ஒருமாதிரி கீது?"

"சளி," என்றான் உமேஷ்.

"ஒண்ணு ரெண்டு வீட்லதான் நிக்குதாம். நம்ம வீடு கீது, அதான் கொஞ்சம் தைரியம். நம்மள்து அந்த 'எல்லாக் கதைகளும்'தானே போட்டு கீது?"

உமேஷ் டேபைப் பார்த்தான். "எல்லாம்தான்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது உண்மைதான்.

"வேலை கெடச்சா மொதல்ல இவளுக்குத்தான் சொல்லணும்," என்றாள் வாணி. "அவ அடிச்ச மணிதானே எல்லாம்." வண்டி நகர்ந்தது. லைன் துண்டித்துப் போனது.

விளக்குப் போடும் நேரம். பவ்யா உள்ளறை வாசலில் வந்து நின்றாள். அப்பா காலையில் போட்ட ரப்பர் பேண்ட் எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

"அப்பா, டேப் குடு. இன்னொரு வாட்டி கீழ போறேன்."

"வேணாம்மா."

"ஆட்டுக்குட்டி இன்னும் அங்கயே கீதுப்பா. நான் கூட்டிக்கினு வர்றதுக்குள்ள தாத்தா கதவ தொறந்துட்டாரு."

"பயமா இல்லியா உனக்கு?"

"அம்மா இருந்தாங்க இல்ல," என்றாள் பவ்யா.

முன்னறையில் தசரதன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காது நன்றாகவே கேட்கும். உமேஷ் எழுந்து, அவருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, டேபில் முதல் பக்கத்துக்குப் போனான். ரோஸ் கலர் பொத்தான் பெரிதாக, தேட வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது. அழுத்தினான். 'மாற்றலாமா?' என்று கேட்டது. ஆம் என்றான்.

வளையல்கள் வரிசையாக வந்து நின்றன. சத்தத்தைக் குறைத்து டேபை மகளிடம் கொடுத்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாணியை அழைத்துவர ஸ்டேஷனுக்குக் கிளம்பினான்.